சுவீடன்காரனுக்குப் பொன்னாடையா?

எல்லிங்ஸ்ருட்,
ஒஸ்லோ.
08.02.2009

அன்புள்ள மச்சான் இரத்தினவேலுக்கு,

திராமன் நகரில் நீரும் என் தங்கச்சி புஷ்பமலரும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பாராக. நான் சுகமில்லை. காரணம் நீர்.

போன மாதம் மின்னஞ்சலில் ஒரு வீடியோ அனுப்பினீரே, அதோடு போயிற்று என் நிம்மதி. இங்வார் தோர்னெலுண்ட் என்ற அந்தச் சுவீடன்காரர் பௌதிகப் பேராசிரியராம், மொழியியலும் படித்தவராம். படித்த மனிதர் தன் வேலையைப் பார்க்காமல், சமையலறையில் நின்று இடியப்ப உரலைப் பிழிந்து காட்டி, அமுக்கம் என்றால் என்னவென்று தமிழில் விளக்குகிறார். அதை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் பதினாறு வருடமாக, பனி கொட்டினாலும், சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் நித்திரை. இப்போது நிர்வாகம் ஆண்டு விழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறதாம். பொன்னாடை வாங்கி வரும் பொறுப்பு எனக்காம்.

அதையும் பொறுத்திருப்பேன். என் மகள், உம்முடைய மருமகள், கம்சாயினிக்கு இப்போது பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆம், இல்லை என்பதைக்கூட நொர்வேஜிய மொழியில் ‘யா’, ‘நை’ என்று சொல்லி அறைக் கதவைச் சாத்துகிறவள். மூன்று வருடமாக என்னோடு ஒரு வசனம் தமிழில் கதைத்ததில்லை. அவள் அந்த மனிதரின் வீடியோவுக்குக் கீழே பந்தி பந்தியாகத் தமிழில் பாராட்டி எழுதியிருக்கிறாள். ‘நடுநிலையாளர்’ என்று ஒரு பெயரில் பதிந்து, நீர் பௌதிகத்தைக் கவனியும், தமிழை எங்களிடம் விடும் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவரிடமிருந்தல்ல, பக்கத்து அறையிலிருந்து.

“ஐயா, உங்களுக்குப் பொறாமை. என்ரை அப்பாவும் தமிழ் படிப்பிக்கிறவர்தான். நான் வாய் திறந்தா உடனை பிழை திருத்துவார். இவர் தானே பிழை விட்டுட்டுச் சிரிக்கிறார்.”

விடுவேனா? உமது தகப்பன் உமது நன்மைக்குத்தான் திருத்தியிருப்பார் என்று நடுநிலையோடு எழுதினேன். அவரை உங்களுக்குத் தெரியாது என்றாள். அன்று தொடங்கிய சண்டை மூன்று கிழமையாக நடக்கிறது. தகப்பனும் மகளும் ஏன் அள்ளி விழுங்கிவிட்டுக் கணினிக்கு ஓடுகிறீர்கள் என்று என் மனைவி தங்கேஸ்வரி கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல?

ஆகவே இத்துடன் ஒரு கண்டன மனு வைத்திருக்கிறேன். அந்த ஆளை விழாவுக்கு அழைக்கக் கூடாது, அவர் தமிழ் வீடியோக்களை உடனே நிறுத்த வேண்டும். நீர் கையெழுத்திட்டு, திராமனில் இன்னும் இருபது பேரிடம் வாங்கி அனுப்பும். மூட்டியவர் நீர், அணைக்க வேண்டியதும் நீர்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உமக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

கோபம் ஆறாத,
குணசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டபடியால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். இப்போதுதான் பார்த்தேன். அந்த மனிதருக்கு வேலை கூடிவிட்டதாம், தமிழ் வீடியோக்களை நிறுத்தப் போகிறாராம். உள்ளே இருக்கும் மனுவைக் கிழித்துப் போடும். நிறுத்த வேண்டாம் என்று நீரும் அவருக்கு எழுதும், அந்த இருபது பேரையும் எழுதச் சொல்லும். அவர் நிறுத்தினால் நான் என் பிள்ளையோடு எங்கே போய்க் கதைக்கிறது?