முத்துசாமி கேஸ்கட் மாற்றிய படலம்

வாழ்க முத்துசாமி. முழங்கை மட்டும் கிரீஸ் கவசம் பூண்டவனும், ஸ்பானர் என்னும் வச்சிராயுதத்தைக் காக்கி நிஜாரின் பின்பையில் துயில வைத்து உலவுபவனும், பர்மா எல்லைச் சேற்றில் பட்டாளத்து லாரிகளுக்கு உயிர்ப்பிச்சை அளித்த அதே கரங்களோடு செங்கற்பட்டுக்குத் திரும்பி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேசிகனின் திறந்தமேனிப் பிளஷர் காருக்குச் சாரதியாகவும் வைத்தியனாகவும் அமர்ந்தவனுமாகிய அம்மாவீரன் வாழ்க. அவன் மீசை வாழ்க. மீசையின் இடக்கோடியில் நீங்காது நிற்கும் எண்ணெய்த் துளியும் வாழ்க. இக்காவியம் நடுவழியில் கொதித்து நின்றுவிடாதிருக்கக் கொளவாய் ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டுத் தொடங்குகிறோம்.

அந்தக் காரோ சாமானியக் கார் அன்று. கப்பலேறும் அவசரத்திலிருந்த ஒரு துரையிடம் தேசிகன் மூன்று நாள் பேரம் பேசி, மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டவர்போல் எழுந்து வாசல்வரை போய், ஒரு ஜோடி செருப்பை மாட்டிக்கொள்ள உலகில் எவரும் எடுத்துக்கொள்ளாத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு மாட்டி, திரும்ப அழைக்கப்பட்டு வாங்கிய கார் அது. ஜில்லாவில் கூரையை மடக்கிவிட்டு ஊர்வலம் போகத்தக்க கார் அது ஒன்றே என்பது முத்துசாமியின் கட்சி. அக்கட்சியை அவன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாள்தோறும் நிலைநாட்டி வந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு வைகாசியில் தேசிகனின் மகள் பெருந்தேவிக்கு மாமல்லபுரத்தில் கலியாணம் நிச்சயமாயிற்று. முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். 'மாலை போட்ட வண்டி வாசலில் நிற்கும், மாப்பிள்ளை வந்து ஏறிக்கொண்டால் போதும்' என்று தேசிகன் சம்பந்தி வீட்டாருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டார். முத்துசாமியோ அன்றே டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்று, "மாப்ள என் கார்ல போவாரு. இல்லேன்னா இந்த மீசைய எடுத்துக்கினு பொம்பளையாட்டம் திரியறேன்" என்று சபதம் கூறினான். அச்சபதம் காற்றில் பறந்து, திருக்கழுக்குன்றத்தில் குதிரை வண்டி ஓட்டும் திருவேங்கடத்தின் செவியில் இறங்கிற்று. முன்பெல்லாம் அவ்வட்டாரத்து மாப்பிள்ளைகள் அனைவரையும் சுமந்த பெருமை அவன் குதிரைக்கே உரியது.

புறப்பாட்டு நாள் காலை. பெருந்தேவியும் உறவினரும் முன்னாளே பஸ்ஸில் போய்விட, காரில் கிளம்பத் தேசிகனும் அவர் மனைவியும் மட்டுமே எஞ்சியிருந்தனர். தேசிகனின் தர்மபத்தினி செங்கமலம் அம்மாள், தொடைப் பருமனில் கட்டச் செய்த செவ்வந்தி மாலையைக் காரின் முகத்தில் இடம் வலமாக மூன்று சுற்றுச் சுற்றி, இடைவெளிகளில் மாவிலையைச் செருகி, அதன்மேல் வேப்பிலையையும் செருகி, எலுமிச்சையைச் சக்கரத்தடியில் நசுக்கி, "இப்பதான் லட்சணமா இருக்கு" என்று தீர்ப்பளித்தாள். ரேடியேட்டர் என்னும் மூக்கு இருந்த இடமே தெரியவில்லை. கடற்காற்று வந்து தட்டினாலும் கதவைத் திறக்க ஆளில்லாத வீடுபோல் ஆயிற்று காரின் முகம். எலுமிச்சைச் சாற்றின்மேல் சக்கரம் ஏறிய மகிழ்ச்சியில் நம் வீரன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இக்காவியம் இல்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டி இரண்டு கல் தொலைவில், வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில், யானைப்படை தும்பிக்கைகளை ஒருங்கே உயர்த்திப் பிளிறியதுபோல் காரின் முகத்திலிருந்து ஆவி எழுந்தது. மாலையிலிருந்த செவ்வந்திகள் வெந்தன. மாவிலை கறுத்தது. ஏழெட்டு முறை விக்கிய பின்னர், புளியமரம் ஒன்றின் நிழலைத் தானே தேர்ந்தெடுத்து என்ஜின் அடங்கிற்று.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடையோடு நடந்துவந்த மீன்காரி பொன்னி நின்று பார்த்தாள். "இன்னாண்ணா, வண்டிக்குள்ள கொயம்பு வெச்சுகினு போறியா?"

"நீ போம்மா. கலியாண வண்டி."

"கலியாணத்துக்குத்தான் கொயம்பு," என்றாள் பொன்னி, அகலாமல்.

தேசிகன் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவராதலால் விடையை முதலிலேயே சொன்னார். "தண்ணி குறைஞ்சிருக்கும். ஊத்தினா சரியாயிடும்."

கந்தைத் துணியால் மாலையை அவிழ்த்து அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, சூடு ஆறக் காத்திருந்து, வயல் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொணர்ந்து ஊற்றினான் முத்துசாமி. ஒரு குடம் போயிற்று. இரண்டாம் குடமும் போயிற்று. தரையில் ஒரு துளி ஒழுகவில்லை.

"குடத்தோட குடிச்சிட்டு கம்முனு கீது சாமி. வெளிய வரல. அப்போ எங்க போச்சு?"

அக்கேள்வியோடு அவன் புலன்விசாரணையில் இறங்கினான். பெரும் பட்டணத்து மருத்துவர்கள் நாடி பிடிப்பதுபோல எண்ணெய்க் குச்சியை உருவினான். கருநாகம் போல் மின்னவேண்டிய எண்ணெய், வெளுத்து நுரைத்து வழிந்தது. செங்கமலம் எட்டிப் பார்த்து, "நம்மாத்துக் காப்பியாட்டமே இருக்கே" என்றாள். பிறகு தேசிகனை என்ஜின் கிளப்பச் சொல்லி ரேடியேட்டர் வாயினுள் நோக்கினான்: குளத்தடியில் முதலை மூச்சுவிடுவதுபோல் குமிழ்கள் குபுகுபுவென எழுந்தன. வாலில் வெண்புகை கிளம்பிற்று. நான்கு பிளக்குகளையும் கழற்றி உள்ளங்கையில் வரிசைப்படுத்தினான். மூன்று உலர்ந்திருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் குளித்துவிட்டு வந்தவன்போல் ஈரமாய் நின்றது.

"ஹெட் கேஸ்கட் பூட்சு சாமி," என்று பிரகடனம் செய்தான்.

அறியாதோர் அறிக: என்ஜின் என்பது ஒரு கோட்டை. அதில் நான்கு தீக்குண்டங்கள். அவற்றைச் சூழ நீரகழி. பக்கத்தே எண்ணெய் ஓடும் கால்வாய். இம்மூன்றும் பிறவிப் பகைவர். கோட்டைக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே படுத்துக்கொண்டு, இவர்களில் ஒருவர் முகத்தை மற்றவர் பாராதபடி காக்கும் செம்புத் தகடே கேஸ்கட். பங்காளிகள் மூவர் கடையை ஒரே கூரையின்கீழ் நடத்த நடுவே எழுப்பிய மெல்லிய தடுப்பு என்று கொள்க. தடுப்பு எரிந்தது. பங்காளிகள் கலந்தனர்.

அத்தருணம் பார்த்து, கலியாணக் காய்கறி மூட்டைகளோடு திருவேங்கடத்தின் குதிரை வண்டி சலங்கை ஒலிக்க வந்து நின்றது.

"இன்னா முத்து, மீசைக்கு நாள் பாத்துட்டியா?"

"நேரா பாத்துகினு போ நைனா."

"போறேன். ஆனா சாமி," என்று தேசிகன் பக்கம் திரும்பினான், "ஆறு மணிக்குக் கோயில் வாசல்ல நம்ம குருத நிக்கும். கார் வந்தா நான் ஓரமா நின்னுக்கறேன். வரலேன்னா மாப்ளைய தெருவுல நடத்தவா முடியும்?"

தேசிகன் கடிகாரத்தைப் பார்த்து, முத்துசாமியைப் பார்த்து, குதிரையையும் ஒருமுறை பார்த்து, "நில்லு, அது நியாயம்" என்றார். அந்தச் சொல் நம் வீரனின் நெஞ்சில் வேல்போல் தைத்தது.

ஆயினும் அவன் கலங்கினானில்லை. ஏனெனில் பின்சீட்டின் அடியில், சாக்கில் சுற்றி, புத்தம் புதிய மாற்றுக் கேஸ்கட் ஒன்றை அவன் இரண்டு வருஷமாகப் பாதுகாத்து வந்தான். பட்டாளத்தில் கற்ற பாடம் அது. சீட்டைத் தூக்கினான். சாக்கு இருந்தது. சாக்கினுள் சாக்கு மட்டுமே இருந்தது. முன்சீட்டைத் தூக்கினான், டூல் பெட்டியைக் கவிழ்த்தான், சக்கரவர்த்தியின் முத்திரை மோதிரம் தொலைந்த அரண்மனைபோல் காரெங்கும் தேடிக் களைத்து, மண்ணில் உட்கார்ந்து மீசையைத் தடவினான். அது விடைபெறும் தடவலாகவே இருந்தது.

இரக்கம் கொண்ட செங்கமலம் அம்மாள் பிரம்புக் கூடையைத் திறந்தாள். "முத்துசாமி, முதல்ல ஒரு வாய் காப்பி குடி. அப்புறம் தேடலாம்."

கூடைக்குள், கார் எத்தனை குலுங்கியும் சாயாமல், நான்கு டம்ளர்கள் அணிவகுத்து நின்றன. அவை நான்கும் நான்கு வட்ட ஓட்டைகளில் அச்சாகப் பொருந்தி நின்றன. அந்த ஓட்டைகள் ஒரு செம்புத் தகட்டில் இருந்தன.

நம் வீரன் டம்ளரை வாங்க நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"அம்மா. இது ஏது?"

"சீட்டடியில கிடந்தது. இந்தத் துரைகளுக்கு என்ன புத்தி பாரு, டம்ளர் வைக்கறதுக்குன்னே தகடு பண்ணி வச்சிருக்கான்."

"அது கேஸ்கட்டும்மா."

"இருக்கட்டுமே. டம்ளரும் நிக்கறதே."

பிரிந்த குழந்தையைத் திருவிழாவில் கண்டெடுத்த தகப்பன்போல் அவன் தகட்டைத் தூக்கினான். வெயிலுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தான். டிகாக்ஷன் கறையைத் துண்டால் துடைத்தான். பிறகு தொடங்கிற்று போர். பதினைந்து நட்டுகள், நாண் விட்ட வில்கள்போல் கிரீச்சிட்டு ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரணடைந்தன. இரும்பு மூடி பெயர்ந்தது. மூன்றாவது குண்டத்தருகே பழைய தகடு கருகி, விரல் நுழையுமளவு வாய்பிளந்து கிடந்தது. கெட்ட எண்ணெயை வடித்து நல்ல எண்ணெயை வார்த்தான். இரு முகங்களையும் கத்தியால் சுரண்டி, கண்ணாடிபோல் வழித்து, புதுத் தகட்டைக் கிரீஸ் பூசிப் படுக்க வைத்து, மூடியை இறக்கினான். பொன்னி இன்னும் போகவில்லை. "அந்த மூலைலேர்ந்து இறுக்கிகினு வாண்ணா, மூட்டைக்குக் கயிறு கட்ற மாதிரி" என்றாள். மூலையிலிருந்து இறுக்கினால் தகடு மடியும் என்று அறிந்தவன், நடுவிலிருந்து தொடங்கி, இப்புறம் ஒன்று அப்புறம் ஒன்றாக, கோலத்தில் புள்ளி விரிவதுபோல் வெளிநோக்கி மூன்று சுற்று இறுக்கினான். மணி ஐந்தேகால்.

என்ஜின் உறுமிற்று. குமிழில்லை. புகையில்லை. ஊற்றிய நீர் ஊற்றிய இடத்தில் நின்றது. "பொயச்சிகிச்சு," என்றாள் பொன்னி, தானே பிரசவம் பார்த்தவள்போல், கூடையைத் தலைக்கேற்றிக்கொண்டு.

மாலையற்ற முகத்தோடு, காற்றை வயிறார உண்டபடி கார் பறந்தது. வழியில்தான் நம் வீரனுக்கு ஞானம் பிறந்தது: இதே வெயில், இதே சாலை, என்ஜின் ஏன் சில்லென்று ஓடுகிறது? காலையில் கொன்றது எது என்று அறிந்தான்.

ஆறு அடிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கையில் கோயில் வாசலில் கார் நின்றது. குதிரையின் பிடரியை வாரிக்கொண்டிருந்த திருவேங்கடத்தின் சீப்பு பாதியில் நின்றது. தேசிகன் இறங்கி, முத்துசாமியின் தோளில் தட்டினார். முப்பது வருஷத்தில் அவர் எந்த மாணவனையும் அப்படித் தட்டியதில்லை. செங்கமலம் அம்மாளோ, தண்ணீர் தெளித்து உயிர்ப்பித்து வைத்திருந்த மாலையோடு காரின் முகத்தை நெருங்கினாள். வீரன் குறுக்கே நின்றான்.

"வாணாம்மா. காலைல அத்த கொன்னதே இந்த மாலதான். காத்து வர மூக்க அடைச்சா மூச்சு முட்டாதா?"

"மாலையில்லாம ஜானவாசமா? ரெண்டு சுத்து போடறேன்."

"ஒரு சுத்தும் வாணாம்."

"சரி, பாதி சுத்து."

"வேணும்னா வால் பக்கம் போட்டுக்கோங்க."

"பின்பக்கம் யாராவது மாலை போடுவாளா?" என்றாள் அம்மாள். கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையே தோற்கும் அப்பேரத்தில் கடைசியில் விட்டுக்கொடுத்தவளும் அவளே. "போறது, காருக்கு வேண்டாம். ஆனா தரையில வைக்கப்படாது. எங்கேயாவது மாட்டு."

வெற்றியின் போதை தலைக்கேற, மாலையை இரு கைகளிலும் ஏந்தி, பகைவன் பாசறைக்குள் நுழையும் பேரரசன்போல் நடந்துசென்று, முத்துசாமி அதைக் குதிரையின் கழுத்தில் வீசினான்.

"இந்தா நைனா, ஆறுதலுக்கு வெச்சிக்கோ. உன் குருத ஓரமா நின்னு வேடிக்க பாக்கட்டும்."

திருவேங்கடம் மாலையைச் சரிசெய்து விட்டான். "நல்லாத்தான் கீது முத்து. நான் வாணாம்னா சொல்லப்போறேன்?"

நாதஸ்வரம் எழுந்தது. தவில் திசைகளை அதிரச் செய்தது. தகடு வென்றவனும், தீயையும் நீரையும் பிரித்துவைத்தவனும், மீசை காத்த மாவீரனுமாகிய முத்துசாமி, கரம் கூப்பியவண்ணம் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, கோபுர வாசல் வழியே மாப்பிள்ளை ராமானுஜம் சம்பந்திகள் புடைசூழ எழுந்தருளினார்.

அவர் மாலை போட்ட வண்டி எது என்று பார்த்து, குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.