மாப்பிள்ளையின் நட்சத்திரம்

"மகனுக்குப் பொம்பிளை பாக்கிறன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்ட பிறகுதான், மகன் சுஜன் ஆறு வருடமாக மெத்தே என்ற டேனிஷ் பெண்ணோடு குடும்பம் நடத்துவது சிறீஸ்கந்தராசாவுக்கு நினைவு வந்தது.

மறுமுனையில் இருந்தவள் கமலாதேவி. உயர்தர வகுப்பில் அவர் நெருப்புக்காய்ச்சலில் கிடந்த இரண்டு மாதமும், பாடங்களைத் தன் கையால் இன்னொரு கொப்பியில் எழுதி அனுப்பியவள். அந்தக் கொப்பிகளோடுதான் காதலும் வந்தது. பிறகு போர் வந்தது. அவர் டென்மார்க் வந்தார்; அவள் போன இடம் தெரியவில்லை. நாற்பது வருடம் கழித்துப் போன ஞாயிறு ஹேர்னிங் கோயில் தேரடியில் அவளைக் கண்டார். இருவரும் துணையை இழந்திருந்தார்கள். அவளுக்குச் சில்க்போர்க் நகரில் முதியோர் இல்லத்தில் வேலை.

கொப்பிகளுக்கு நன்றி சொல்லத்தான் தொலைபேசி எடுத்தார். "என்ன விஷயமா எடுத்தனீங்கள்?" என்று அவள் கேட்டதும் பதற்றத்தில் வாய் மகனை இழுத்துவிட்டது.

"எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அபிதா. நீங்கள் கோயில் ஐயரிட்டைச் சாதகக் குறிப்பைக் குடுங்கோ. நானும் குடுக்கிறன்."

சுஜனின் குறிப்பைக் கொடுத்தால் பாவம். கொடுக்காவிட்டால் அவளோடு கதைக்க வேறு சாட்டு இல்லை. தன் நட்சத்திரத்தையும் இராசியையும் ஒரு துண்டில் எழுதி, மேலே 'சுஜன்' என்று போட்டு ஐயரிடம் கொடுத்தார். அறுபது வயதுக்காரனின் நட்சத்திரம் இளம்பெண்ணுக்கு எங்கே பொருந்தப் போகிறது? ஐயர் பொருந்தாது என்று சொல்வதற்குள் இரண்டு மூன்று தரம் கதைத்துவிடலாம்.

ஐயர் மறுநாளே எடுத்தார்.

"அண்ணை, பத்துக்கு ஒன்பது! ஹேர்னிங்கில இப்பிடி ஒரு பொருத்தம் நான் பாத்ததில்லை. விட்டிடாதேங்கோ!"

அடுத்த அழைப்பு கமலாதேவி. "சனிக்கிழமை மாப்பிள்ளையைப் பாக்க வாறம்."

"அவனுக்குத் தலைமயிர் கொஞ்சம் குறைவு."

"எண்ணெய் மிச்சம்."

"குறட்டையும் விடுவான்."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். வாறம்."

சுஜனிடம் சொன்னதும் அவன் குதித்தான். "நை, ஏலாது அப்பா! மெத்தேக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

சொன்னான். மெத்தே கண்ணீர் வரச் சிரித்தாள். மாமாவைத் தனியே மாட்டவிடக்கூடாது என்று ஒரு கேக்கும் சுட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலையிலேயே சுஜனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கமலாதேவியும் அபிதாவும் தட்டம் நிறையப் பழங்களோடு வந்து அமர்ந்தார்கள். மெத்தே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

"இந்தப் பிள்ளை ஆர்?" என்றாள் கமலாதேவி.

"பக்கத்து வீட்டு..." என்று தொடங்கினார் சிறீஸ்கந்தராசா. மெத்தே அவருடைய கோப்பையில் மட்டும் சீனி போடாமல் கவனமாக எடுத்து நீட்டினாள். இவ்வளவு நல்ல பிள்ளையை ஆண்டவன் வீட்டுக்கு அனுப்பியிருக்க, அவளை மறைத்தா தனக்கு நல்லது தேடுவது? கமலாவை இரண்டாம் தரமும் இழந்தாலும் அதுமட்டும் முடியாது.

"எங்கட மருமகள்" என்றார்.

சுஜனின் கையிலிருந்த கேக் துண்டு கீழே விழுந்தது.

"பொய் சொல்லிப்போட்டன், கமலா. துண்டில இருந்தது சுஜன்ர நட்சத்திரம் இல்லை, என்ரது. நீங்கள் எழுதித் தந்த கொப்பியளாலதான் நான் சோதினை பாஸ் பண்ணினனான். நாப்பது வருசமா அதுக்கு ஒரு நன்றி சொல்லேல்லை. சொல்லத்தான் எடுத்தனான், பயத்தில இப்பிடி ஆகிப்போச்சு. இனி நீங்கள் எழும்பிப் போனாலும், நன்றியைச் சொல்லிப்போட்டன் எண்ட நிம்மதி எனக்குப் போதும்."

கமலாதேவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதேங்கோ கமலா. பிள்ளை, நீயாவது என்னை மன்னிச்சுக்கொள்."

அபிதா கேக் தட்டை மேசையில் வைத்தாள்.

"அம்மா அழேல்லை அங்கிள், சிரிக்கிறா. எனக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு வருசம். ஐயரிட்டை அம்மா குடுத்தது தன்ர நட்சத்திரத்தை."