இரண்டு மூச்சுக்கு ஒரு முகமூடி

துமியாத், எகிப்து,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மகள் டாக்டர் நெஸ்ரீன் அவர்களுக்கு, நாற்பத்தொன்பது வருஷம் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மெருகு பூசி நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஷல்பி அபூ ஹமாமா சலாம் கூறி எழுதிக்கொள்வது. உன் மேலும், உன்னைப் பெற்றவர்கள் மேலும், ஆஸ்பத்திரி லிஃப்ட்டை என்றைக்காவது பழுதுபார்க்கப் போகிற அந்த முகம் தெரியாத மனிதன் மேலும் அல்லாஹ்வின் அருள் இறங்கட்டும். இங்கே நான் நலம். நீ கொடுத்த மூச்சுக் கருவியும் நலம். எனக்கு எழுத்து தெரியாது என்பதை நீ அறிவாய். உன் சம்மதத் தாளில் கட்டைவிரலைத்தான் அழுத்தினேன். ஆகவே சொல்வது நான், எழுதுவது எதிர்வீட்டு ஃபிக்ரி அல் லவண்டி. தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். உன் ஆராய்ச்சியில், கருவி கிடைக்காமல் மாத்திரை மட்டும் கிடைத்த 'பி' குழுக்காரன். அவனும் நலம். அவன் நலமாக இருப்பதுதான் இப்போது தொந்தரவு.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குவதற்காக உன் அறைக் கதவின் பக்கத்தில் சாய்ந்து நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, நகரத் தெம்பு இல்லை. உள்ளே பெரிய டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "நெஸ்ரீன், ரெண்டு குழுவுக்கும் கணக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. முகமூடி போட்டவனும் தேறியிருக்கான், போடாதவனும் தேறியிருக்கான். அப்போ மெஷினால பிரயோஜனம் இல்லைன்னுதானே அர்த்தம்? அப்படியே எழுதி முடிச்சிடு. மெஷினையெல்லாம் திரும்ப வாங்கிடு." நீ வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "வாங்க ஹாஜி, மூச்சு எப்படி இருக்கு?" என்றாய். "நல்லா இருக்கும்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளாக மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. மகளே, கருவியால் பிரயோஜனம் உண்டு. இல்லையென்று கணக்கு வந்ததற்குக் காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். பிப்ரவரி மாதம், மழை பெய்த செவ்வாய்க்கிழமை. நீ பச்சை முக்காடு போட்டிருந்தாய், நர்ஸ் ஷாதியாவின் இடது செருப்பு வார் அறுந்திருந்தது. ஒட்டிய உறைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய். எனக்கு 'ஏ', அதாவது கருவி. ஃபிக்ரிக்கு 'பி'. அவன் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "என் உறையை அவன்கிட்ட குடுத்துடும்மா, அவனுக்கு என்னைவிட இழுப்பு ஜாஸ்தி" என்றேன். "அப்படியெல்லாம் மாத்த முடியாது ஹாஜி. இது கம்ப்யூட்டர் போட்ட சீட்டு. யாருக்கு எதுன்னு நானே தீர்மானிக்கக் கூடாது" என்றாய். "கம்ப்யூட்டருக்கு ஃபிக்ரியைத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியக் கூடாது. அதுதான் விஷயமே" என்றாய். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஒரு மனிதனைத் தெரியாமல் இருப்பதே ஒரு தகுதி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எட்டு நாள் ஒழுங்காக இருந்தேன். காலையில் மண்டையைப் பிளக்கும் தலைவலி போயிற்று. உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது போயிற்று. ஆனால் எங்கள் தெரு உனக்குத் தெரியாது. கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல். இந்தத் தெருவில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மணம் எட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு தட்டு போகும். தட்டு அனுப்பாமல் தின்றவனை ரம்ஜானில் கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். கருவிக்கு மணம் கிடையாது, ஆனால் சத்தம் உண்டு. நான் 'புஸ்... புஸ்...' என்று சுகமாகப் படுத்திருக்க, எதிர் ஜன்னலில் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்த முகத்தோடு மூச்சு விடுவது? ஒன்பதாம் நாள், மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுப் படியேறினேன். இரவு எனக்கு, மதியம் சாப்பிட்டதிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரை அவனுக்கு. அவ்வளவுதான் மகளே நடந்தது. மற்றதெல்லாம் அதன் குட்டிகள்.

முதல் குட்டி மீசை. அவன் மீசையில் முகமூடி ஒட்டாமல் காற்று பீறிட்டு விசில் அடித்தது. "மீசையை எடுடா" என்றேன். "முப்பத்தெட்டு வருஷ மீசைடா. இதைப் பார்த்துத் தபால் இலாகாவே எழுந்து நின்னுது" என்றான். "இலாகா நிக்கட்டும், நீ படுத்து மூச்சு விடு" என்று சொல்லி நானே மழித்தேன். அவன் மனைவி இஹ்ஸான் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இந்த வயசுல யாருக்காக இந்தக் கோலம்? பேரை மட்டும் சொல்லிடுங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். கருவியைக் காட்டியும் மூன்று நாள் நம்பவில்லை. உன்னிடம் வந்தபோது நீயும் மீசை எங்கே என்று கேட்டாய். வெயில் தாங்கவில்லை என்றான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீ பாவம், அதையும் எழுதிக்கொண்டாய்.

அடுத்தது எறும்பு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பெண்களுக்கு மானக்கேடு. கருவிப் பெட்டி திரும்பி வரும்போதெல்லாம் இஹ்ஸான் அதற்குள் ஏதாவது வைப்பாள். ஒருநாள் வெண்ணெய்க்கட்டி, ஒருநாள் ஊறுகாய், ஒருநாள் பாகு சொட்டும் மஷபக். அந்தப் பாகு குழாய்க்குள் இறங்கி, அன்றிரவு காற்றோடு சேர்ந்து பதினாறு எறும்பு என் மூக்கில் வந்து இறங்கியது. நீ குழாயை ஆராய்ந்து, "இதுக்குள்ள சர்க்கரை எப்படி வந்துச்சு?" என்றாய். எனக்கு நீரிழிவு என்றேன். மூச்சில் சர்க்கரை வராது என்று அரைமணி நேரம் படம் வரைந்து விளக்கினாய். தலையாட்டிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

மூன்றாவதுதான் உன்னை அழவைத்தது. மே மாதம் வராந்தாவில் ஆறு நிமிஷ நடை. பிப்ரவரியில் இருநூற்றுப் பத்து மீட்டர் நடந்த ஃபிக்ரி இருநூற்றுத் தொண்ணூறு நடந்தான். மணிக்கட்டில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் கெட்ட காற்று ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழுக்கு இறங்கியிருந்தது. எனக்கு அறுபத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு. "வீட்டுல என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாய். "கருஞ்சீரகமும் தேனும்" என்று அவன் வாயில் வந்ததைச் சொன்னான். அடுத்த தடவை நாங்கள் காத்திருக்கும் பெஞ்சு முழுக்கக் கருஞ்சீரக நாற்றம். நடை நடந்த அதே நாளில் என் கருவியின் நேரம் பதிகிற கார்டை எடுத்துப் பார்த்து, தினம் பதினொரு மணி நேரம் ஓடியிருக்கிறது என்று, "எல்லாரும் ஹாஜி மாதிரி போடணும்" என்று கூட்டத்தில் பாராட்டினாய். ஃபிக்ரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இதை எழுதினா என்னை ஆராய்ச்சியிலேருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் யாரு என்னை மாசாமாசம் பார்ப்பா?" என்றான். "எழுதலேன்னா மெஷினே பொய்யின்னு ஆயிடும். உனக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது, நமக்கப்புறம் வர்றவனுக்கும் கிடைக்காது" என்றேன். "அதுக்கு ஏன் என் மீசையையெல்லாம் எழுதச் சொல்ற?" என்றான். பிறகு எழுதினான். நான் சொன்னபடியே எழுதியதாகச் சொல்கிறான். அவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எங்கள் இரண்டு பேரையும் கணக்கிலிருந்து அடித்துவிடு. கெட்டது நாங்கள் மட்டுமே; பெஞ்சில் உட்காருகிற மற்றவர்கள் தங்கமான மனிதர்கள், சொன்னபடி கேட்டவர்கள். எங்களை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் கருவியின் நன்மை தெரியும், பெரிய டாக்டர் வாயை மூடுவார். ஞாயிற்றுக்கிழமை கருவியை நானே சுமந்து வந்து உன் மேஜையில் வைக்கிறேன். மூன்று மாடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ ஆகட்டும். உன் படிப்பு நிறைவேறவும், நல்ல வரன் அமையவும், நீ குத்துகிற ஊசிகள் வலிக்காமல் போகவும் துஆ செய்கிறேன். நர்ஸ் ஷாதியாவுக்கும் வாயிற்காவலருக்கும் சலாம்.

இப்படிக்கு,
கட்டைவிரல் ரேகையோடு,
ஷல்பி அபூ ஹமாமா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதைக் காபிக்கடையில் ஃபிக்ரி படித்துக்காட்டினான். செவ்வாய்க்கிழமை பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒருவர், "எங்க பேரையும் சேர்த்துடுப்பா, நாங்க மட்டும் தங்கம்னு எழுதினா பொய்யாயிடும்" என்றார். மகளே, எங்கள் பெஞ்சில் 'பி' குழு பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேருக்கு ஏதோ ஒரு 'ஏ' வீட்டில் மதிய மூச்சு உண்டாம். மெய்யாகவே முகமூடியைத் தொடாதவன் மஹ்ரூஸ் ஒருவன்தான். அவனுக்குத் தெருவில் யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாரையும் திட்டிவிட்டான். அதனால் இந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்தான். உன் ஆராய்ச்சி என்பது அவன் ஒருவன்தான், அவனைப் பத்திரமாகப் பிடித்துக்கொள் என்று எழுதச் சொன்னேன். ஃபிக்ரி முதலில் எழுத மறுத்தான். "அவனை மட்டும் விட்டுட்டு நாம எப்படிடா மூச்சு விடறது?" என்றான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கருவி வராது. அது இப்போது மஹ்ரூஸ் வீட்டில் இருக்கிறது. நாங்கள் படியேறியபோது அவனுக்கு ஒரு மூச்சில் இரண்டு வசவுக்கு மேல் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து முகமூடியைக் கழற்றியதும் ஒரே மூச்சில் ஐந்து திட்டினான், கடைசியில் என் பாட்டனாரையும் சேர்த்து. ஃபிக்ரி எண்ணினான், நானும் எண்ணினேன். இதைப் பெரிய டாக்டரிடம் காட்டு.