ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்

மனித குல வரலாற்றை எழுதியவர்கள் நெருப்பைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். செய்தித்தாளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஓடும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது. நெருப்பு சுடும். சக்கரம் பஞ்சர் ஆகும். புள்ளிக்கோடு ஒன்றுதான், வெட்ட வெட்ட லாபம் தரும்.

இந்த உண்மை எனக்கு விளங்கியது நாற்பத்தேழாவது வயதில். தாமதம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளைக்கூட நான் வீணாக்கவில்லை என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரைக் கேட்டாலும் என்றால் என் மனைவி, ஒன்பது வயது மகள், இருவரும்தான். சொல்லும் தொனி மட்டும் வேறாக இருக்கலாம்.

தெருமுனை சூப்பர் மார்க்கெட்டின் துண்டுப் பிரசுரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. ‘கூப்பன் மூலம் மளிகைச் சேமிப்பு: தொடக்கநிலையினருக்கு இலவசப் பயிற்சி. கத்தரிக்கோல் அவரவர் கொண்டு வரவும்.’ நான் ஓர் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். எழுதுபொருள் அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆகவே கத்தரிக்கோல் ஒரு பிரச்சினையாக இல்லை.

கடையின் மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். பயிற்சி தந்தவருக்குக் கடை கொடுத்திருந்த பதவி ‘சேமிப்பு வழிகாட்டி’. பதினோரு பேருக்கும் மைக் வைத்துப் பேசினார். எடுத்த எடுப்பில் என்னைக் கைகாட்டி எழுப்பினார்.

“உங்களுக்கு இப்ப அவசரமா என்ன வேணும்?”

“உப்பு தீந்துபோச்சு சார்.”

“உப்புக்குக் கூப்பன் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப உங்களுக்கு உப்பு வேணுமா?”

யோசித்துப் பார்த்தேன். “வேண்டாம் சார்.”

“உக்காருங்க. எல்லாரும் இவருக்குக் கை தட்டுங்க.”

அலுவலகத்தில் எனக்கு இதுவரை யாரும் கை தட்டியதில்லை. அன்று வீட்டுக்கு நான் உப்பில்லாமல், ஆனால் தலை நிமிர்ந்து போனேன்.

முதல் மாதச் சாதனைகளைச் சுருக்கமாகத் தருகிறேன். தரை துடைக்கும் திரவம் பதினாறு பாட்டில். ஆறு மாதக் குழந்தைக்கான டயப்பர் மூன்று கட்டு. பூனைக்கான மீன் உணவு இரண்டு டஜன் டப்பா. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. இந்த அற்ப விஷயத்தை மகள் சுட்டிக் காட்டியபோது, “பூனைக்கும் கூப்பன் வரும், பொறுமையா இரு” என்று சொன்னேன். அவள் தினமும் செய்தித்தாளைப் புரட்ட ஆரம்பித்தாள். குழந்தைகளுக்கு வாசிக்கும் பழக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அளந்து எடுப்பது அவள் தொழில், அளந்து பேசுவது அவள் பழக்கம். பூனை டப்பாக்களைப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி பூனைச் சாப்பாட்டுக்கு நாம எவ்வளவு செலவு பண்ணிட்டிருந்தோம்?”

“ஒண்ணும் இல்ல.”

“இப்ப?”

“இப்ப அதுல முப்பத்தஞ்சு சதவீதம் மிச்சம்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே உப்பு இருந்தது. அதை யார் வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. குடும்பத் தலைவன் சிலவற்றைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டும்.

இப்படியே போயிருந்தால் நாங்கள் ஒரு சாதாரணக் குடும்பமாகவே காலம் தள்ளியிருப்போம். அப்போதுதான் சோப்புப் பவுடர் கூப்பன் வந்தது. மூன்று பெட்டி வாங்கினால் இரண்டு பெட்டி இலவசம். நான் அண்டை அயலார் வீடுகளின் பழைய செய்தித்தாள்களை எல்லாம் தேடிப் பிடித்து நான்கு கூப்பன் வெட்டி வைத்திருந்தேன். பில் போடும் பெண் முதல் கூப்பனை வாங்கிக்கொண்டு மற்ற மூன்றையும் திருப்பித் தந்தாள். பின்பக்கத்தைக் காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. ‘ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்.’

நேராக மாடிக்குப் போய் வழிகாட்டியிடம் முறையிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விதியை யாராலும் மாத்த முடியாது சார்.”

“தெரியும் சார்.”

“ஆனா குடும்பத்தை மாத்தலாம்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் ஒரு கையேட்டை எடுத்து வாசித்தார். “குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். அவ்வளவுதான் எங்க விளக்கம். இன்னொரு அடுப்பு வெச்சீங்கன்னா இன்னொரு குடும்பம். ரெண்டு உறுப்பினர் அட்டை, ரெண்டு கூப்பன். நாலு வாரம் அப்படி இருந்துட்டீங்கன்னா நானே நேர்ல வந்து ஆய்வு பண்ணி, தங்க அட்டை குடுப்பேன்.”

“அடுப்பு எங்க வாங்கறது சார்?”

“கீழ ரெண்டாவது வரிசை. அதுக்குக் கூப்பன் இருக்கு.”

அன்று சாயங்காலம் மனைவியிடம் விண்ணப்பத்தை நீட்டினேன். நாம் பிரிகிறோம், ஆனால் மனதளவில் அல்ல, சோப்புப் பவுடர் அளவில் மட்டும் என்று விளக்கினேன். அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசும் அதே குரலில், “சரி. எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய பெருந்தன்மை என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

கூடத்தின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டோம். சமையலறையும் படுக்கையறையும் முதல் குடும்பத்துக்கு. கூடமும் பால்கனியும் இரண்டாம் குடும்பத்துக்கு, அதாவது எனக்கு. குளியலறை பொதுச் சொத்து. மகள் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. ‘குழந்தை உள்ள குடும்பங்களுக்கு பிஸ்கட் பாதி விலை’ என்று ஒரு கூப்பன் என் கையில் இருந்ததால் நான் அவளைக் கோரினேன்.

“உங்க குடும்பத்துல யாரு சமைப்பாங்க?” என்று அவள் கேட்டாள்.

“நான்தான்.”

“நான் அம்மா குடும்பம்.”

கடையின் விதிகளைச் சமையலறைக் கதவில் நானே ஒட்டினேன். எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும்.

முதல் வாரம் அமோகமாகப் போனது. இரண்டு குடும்பத்துக்குமாகப் பத்துப் பெட்டி சோப்புப் பவுடர் வந்து இறங்கியது. எல்லாவற்றையும் என் எல்லையிலேயே அடுக்கிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு டப்பாவில் அடைத்த பச்சைப் பட்டாணி. அதற்குத்தான் அந்த வாரம் கூப்பன். இரண்டாம் வாரமும் பட்டாணிக்கே கூப்பன் வந்தது. கடைக்கு என் மேல் இருந்த அக்கறையை அது காட்டுகிறது. காலையில் பட்டாணியைச் சுட வைத்தேன். மதியம் ஆற வைத்தேன். சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் சில மாறுதல்கள் தென்பட்டன. மனைவி சனிக்கிழமை ஒரு சின்னச் சீட்டும் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டு போவாள். பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் சீட்டில் இருப்பதை வாங்கிக்கொண்டு அரைமணியில் திரும்பி வருவாள். அவ்வளவுதான். சமையல் சீக்கிரமே முடிந்துவிடும். காலை நீட்டி உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் காலை நீட்டி நான் பார்த்ததில்லை. நீளமான கால்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், வெங்காயம் வதங்கும் வாசனை விதிகளை மதிக்காமல் என் குடும்பத்துக்குள் நுழைந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எல்லையில் போய் நின்றேன்.

“பக்கத்துக் குடும்பத்துல இருந்து வந்திருக்கேன்.”

“சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“கொஞ்சம் சோறு. அது கூட அந்த வெங்காயமும் உருளைக்கிழங்கும்…”

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். “நாலாவது விதி என்ன சொல்லுது? குடும்பங்களுக்கிடையே உணவுப் பரிமாற்றம் கூடாது, மீறினா ரெண்டு அட்டையும் ரத்து. நீங்கதானே ஒட்டினீங்க?”

“ஆமா.”

“அட்டை வேண்டாம்னு சொல்லிட்டு உள்ள வாங்க. போடறேன்.”

“இன்னும் ஒரு வாரந்தானே? தங்க அட்டை வந்துடட்டும்.”

அவள் கரண்டியைத் திரும்ப வைத்தாள். கோட்டுக்கு அப்பால் மகளும் அவளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் சோப்புப் பவுடர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வந்தது. பசியால் மட்டும் இல்லை. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தக் கோட்டை அழித்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், எனக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும், இதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தங்க அட்டையைத் தவிர.

நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு வழிகாட்டி வந்தார். கழுத்தில் டை, கையில் கோப்பு. சாக்பீஸ் கோட்டை அளந்தார். என் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பட்டாணி டப்பாக்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு முதல் குடும்பத்தின் தலைவியை விசாரிக்க ஆரம்பித்தார்.

“எப்பம்மா பிரிஞ்சீங்க?”

“பன்னெண்டாம் தேதி சாயங்காலம்.”

“காரணம்?”

“சோப்புப் பவுடர்.”

“அதுல ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடா?”

“இல்ல சார், அதுல மட்டும் ஒரே கருத்து. ரெண்டு பேருக்குமே அது கையில அரிக்கும்.”

அவர் எழுதிக்கொண்டார். “இந்த நாலு வாரத்துல உங்க மளிகைச் செலவு?”

“முன்ன இருந்ததுல பாதி கூட இல்ல.”

“பிரமாதம். எந்தெந்தக் கூப்பன் உபயோகிச்சீங்க?”

“கூப்பன் எதுவும் இல்ல. வேணுங்கறத மட்டும் வாங்கினேன்.”

அவர் பேனா நின்றுவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “இந்த முறையை நீங்க வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“எதிர் வீட்டம்மா கேட்டாங்க. சொன்னேன். கூட வேலை பார்க்கறவங்களும் கேட்டாங்க.”

“எத்தனை பேரு?”

“ஒரு பத்துப் பேர் இருக்கும்.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பயிற்சிக்கு வந்தவர்களைவிட ஒரு ஆள்தான் குறைவு.

“கடைசிக் கேள்வி. ரெண்டு குடும்பமும் மறுபடி சேர வாய்ப்பு இருக்கா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான்கு வாரத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அப்போதுதான். “இருக்கு சார். இப்பவே வந்தாலும் சரி. நல்லா இளைச்சுப் போயிட்டாரு. அந்த அட்டையை உங்க கையில குடுத்துட்டு உள்ள வரச் சொல்லுங்க, சாப்பாடு போடறேன்.”

மகள் ஓடிப்போய் மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தும்விட்டேன். இதற்கு வழிகாட்டியே சாட்சி.

“தாராளமா சேந்துக்குங்க சார்,” என்றார் அவர். “உங்க சொந்த விஷயம். என்ன, தங்க அட்டை வாங்கற அன்னிக்கே பரிசா சோப்புப் பவுடர் முழுக்க இலவசம். அது போயிடும்.”

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பொறுப்புள்ள எந்த நிர்வாகியும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

“எத்தனை கிலோ?”

மகள் மூன்றாவது தட்டைத் திரும்ப எடுத்துக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

“எழுதிக்கங்க சார்,” என்றாள் மனைவி. “வேற வேற குடும்பம்தான்.” உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் இரண்டு பேர் சாப்பிடும் சத்தம் கேட்டது.

வழிகாட்டி என் சோப்புப் பெட்டி ஒன்றின் மேல் கோப்பை வைத்து ஆய்வறிக்கை எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். மூன்றே வரிகள். ‘மேற்படி முகவரியில் இரண்டு குடும்பங்கள் இருப்பது உறுதி செய்யப்பட்டது. முதல் குடும்பம் சேமிக்கிறது. இரண்டாவது குடும்பம் நம் கடையின் நல்வாடிக்கையாளர்.’

“படிச்சுப் பாத்துட்டு, ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ன்னு இருக்கற இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்,” என்றார்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இருபத்தொரு வருடமாக அலுவலகத்தில் அந்த வாசகத்துக்குக் கீழேதான் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே நிஜமாகவே உண்மை எழுதியிருந்தது இதுதான் முதல் தடவை.