மூன்று கிடார்களும் மண்ணூர்ப் பெண்ணின் காதும்

மனிதனுக்கு மூளை எதற்காகப் படைக்கப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காது எதற்காகப் படைக்கப்பட்டது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒரே கம்பெனி ஒரே அச்சில் செய்த மூன்று எலெக்ட்ரிக் கிடார்களில் எது எந்த வருஷத்துச் சரக்கு என்று சத்தத்தை வைத்தே சொல்வதற்காகத்தான் அது படைக்கப்பட்டது. இந்த மகத்தான உண்மை 1991-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் வெளியாயிற்று. வெளியிட்டவர் டில்லிபாபு.

டில்லிபாபு, நெடுஞ்சாலை ஓரத்துப் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். வார நாட்களில் பம்புகளை நிராகரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களை நிராகரிப்பார். பம்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும். பெண்களுக்கு ஒரே காரணம், காது. ஊரில் மற்றவர்கள் பெண் பார்க்கப் போவார்கள். டில்லிபாபு பெண் 'கேட்க'ப் போவார். அதாவது, பெண் கேட்கிறாளா என்று பார்க்கப் போவார்.

அவரிடம் மூன்று கிடார்கள் இருந்தன. மூன்றும் அமெரிக்காவில் பிறந்து, சென்னையில் ஓர் ஓட்டல் பேண்டில் உழைத்து, பேண்டு கலைந்ததும் டில்லிபாபுவிடம் அடைக்கலம் புகுந்தவை. பிறந்த வருஷம் முறையே அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, எழுபத்தொன்று. ஷிப்டு முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பார். 'டிங் டிடிங் டொய்ங்ங்.' அவ்வளவுதான். அதற்கு 'சாம்பிள்' என்று பெயர். அறுபத்திரண்டின் டொய்ங்கும் அறுபத்தைந்தின் டொய்ங்கும் வேறு வேறு என்பதை அந்த வட்டாரத்தில் அறிந்த ஒரே ஆத்மா அவர்தான். அந்தத் தனிமை லேசானதல்ல. சில சாயங்காலங்களில் "ஆஹா!" என்று தானே சொல்லிவிட்டு, யாராவது "ஆமாம்" என்பார்களா என்று சுவரைப் பார்ப்பார். சுவர் சொல்லாது.

"வித்தியாசம் தெரியாத பொண்ணக் கட்டிக்கினு நான் யாராண்ட மாமா பேசறது?" என்று தாய்மாமன் இராமச்சந்திரனிடம் ஒருநாள் கேட்டேவிட்டார். மாமா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் தலைமை எழுத்தர். கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, தரகர் முனிரத்தினத்துக்குத் தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது.

அந்த நடவடிக்கையின் பேரில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மண்ணூர் கோதண்டராமன் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முதலில் தட்டு, பூ, பழம் இறங்கின. பிறகு மூன்று கிடார்கள் இறங்கின. கடைசியாக, இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கிய ஆம்ப்ளிஃபையர் பெட்டி இறங்கியது.

கோதண்டராமன் விவசாயி. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தரகரே, நாங்கதான சீர் செய்யணும்? மாப்ள வூட்டுக்காரங்க பிரிஜ்ஜு எடுத்தாந்துகீறாங்க?"

"பிரிஜ்ஜு இல்லீங்க, இசை" என்றார் முனிரத்தினம்.

கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கலைக்கும் காற்றுக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்க வேண்டும் என்பதில் டில்லிபாபுவுக்குக் குழப்பமே கிடையாது. ஃபேனைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபையரைச் சொருகினார். ஆவணி வெயில் ஓட்டுக் கூரை வழியாக இறங்கி வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது.

பெண் வந்தாள். காவேரி, பால்வாடி டீச்சர். காபித் தட்டை வைத்துவிட்டு அம்மா கனகத்தின் பக்கத்தில் பாயில் அமர்ந்தாள். வழக்கமாக இந்தக் கட்டத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். டில்லிபாபு முற்போக்காளர். தானே வாசித்தார்.

டிங் டிடிங் டொய்ங்ங்.

"இது அறுபத்திரண்டு" என்றார். அடுத்ததை மாட்டினார். டிங் டிடிங் டொய்ங்ங். "அறுபத்தஞ்சு." மூன்றாவது. டிங் டிடிங் டொய்ங்ங். "எழுபத்தொண்ணு. கேட்டீங்களா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "அறுபத்தஞ்சுல ஒரு நிர்வாக ஒழுங்கு கீது. எழுபத்தொண்ணுல அது தளர்ந்துபோச்சு. அப்போலேர்ந்தே எல்லா டிபார்ட்மெண்ட்லயும் அப்படித்தான்."

"எனக்கு அறுபத்திரண்டுல பனங்கல்கண்டு வாசனை வந்துச்சு" என்றார் முனிரத்தினம். பெண் அமைந்தால்தான் அவருக்குத் தரகு. நல்ல காது தானாக வந்துவிடும்.

ஜன்னலில் தொற்றியிருந்த அக்கம்பக்கத்தாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவர் அறுபத்தைந்துதான் 'கெத்து' என்றார். இன்னொருவர் எழுபத்தொன்றை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவர் மகன் பிறந்த வருஷமாம். கோதண்டராமன் மட்டும் நேர்மையாக, "மூணும் டொய்ங்குன்னுதான் தம்பி கேக்குது" என்றார். அவர் பெண்ணைப் பெற்றவர் என்பதால் மன்னிக்கப்பட்டார்.

"ஒரு பாட்டு வாசிங்களேன்" என்றாள் காவேரி.

டில்லிபாபு சிரித்தார். குழந்தையிடம் நெருப்பைப் பற்றி விளக்குகிறவரின் சிரிப்பு அது. "பாட்டு வாசிக்கக் கூடாதுங்க. பாட்டு வந்துட்டா சத்தம் காதுல விழாது."

இப்படி ஒரு தத்துவத்தை மண்ணூர் அதுவரை கேட்டதில்லை. காவேரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"மாத்தி மாத்தி வாசிங்க. நான் சொல்றேன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனையோ கேசரி. ஒரு பெண்ணும் தானாக எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பியதில்லை. டில்லிபாபு எழுபத்தொன்றை எடுத்து வாசித்தார்.

"எழுபத்தொண்ணு" என்றாள்.

அறுபத்திரண்டு. "அறுபத்திரண்டு." மறுபடியும் அறுபத்திரண்டு. "அதேதான், ஏமாத்தாதீங்க." அறுபத்தைந்து. "இது அறுபத்தஞ்சு."

ஜன்னலில் கைதட்டினார்கள். கோதண்டராமன், மகளுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று மனைவியைப் பார்த்தார்.

"எப்படி?" என்றார் டில்லிபாபு. திரும்பவும், "எப்படீங்க?" என்றார்.

"அறுபத்திரண்டு பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொண்டையச் செருமுது. அறுபத்தஞ்சு நேரா விஷயத்துக்கு வருது. எழுபத்தொண்ணு கத்துது, பால்வாடில சேர்த்த புதுசுல புள்ளைங்க கத்துமே, அந்த மாதிரி."

செருமுகிறது! இத்தனை வருஷமாக டில்லிபாபு தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். அவரால் உட்கார முடியவில்லை. கிடாரைக் கட்டிக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். கிடார் ஒயர் பின்னாலேயே வந்தது, காபித் தட்டைக் கவிழ்த்தது, யாரும் கவலைப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வரப்போகிற சாயங்காலங்கள் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. இவர் டொய்ங்க் என்பார். அவள் "செருமுது" என்பாள். வேறு என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? சந்தோஷத்தில் வியர்வை ஆறாகக் கொட்டியது. வாயும் திறந்துகொண்டது.

"இந்த அறுபத்தஞ்சு கீதே, இது எனக்கு ரொம்ப நெருக்கம்ங்க. எங்கப்பா அந்த ஓட்டல்ல லிஃப்ட் ஆப்பரேட்டர். செஞ்ச வருஷமே இது கப்பல்ல வந்துச்சு, எறங்கன அன்னிக்கே என்னக் கூட்டிக்கினு போயி காட்டனாரு. பொட்டியத் தொறந்தப்போ வந்த வார்னிஷ் வாசனை இன்னும் மூக்குல கீது. மொத மொத மீட்டனதே நான்தான். அப்போ எனக்கு ஏழாங்கிளாஸ் பரீட்சை லீவு."

மாமா இருமினார். தரகர் அதைவிடப் பலமாக இருமினார். டில்லிபாபுவுக்கு அந்தச் சத்தங்களின் வித்தியாசம் கேட்கவில்லை.

காவேரி சுவரிலிருந்து திரும்பினாள். "அறுபத்தஞ்சுல ஏழாங்கிளாஸா?"

"ஆமாங்க. அது..." அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

"தரகர் உங்களுக்கு இருபத்தொம்பதுன்னு சொன்னாரு. அறுபத்திரண்டுல பொறந்தவங்க, மூணு வயசுல ஏழாங்கிளாஸ் முடிச்சிருக்கீங்க. எங்க பால்வாடில சேர்த்திருந்தா எங்களுக்குப் பெருமையா இருந்திருக்கும்."

ஜன்னல் மொத்தமாக 'ஓ' என்றது. டில்லிபாபு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டை கருப்பாக வந்தது. ஃபேன் இல்லாத கூடத்தில், காதோரம் இரண்டு கருப்புக் கோடுகள் சட்டைக் காலர் வரை இறங்கியிருந்தன. கனகம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"தலைக் கருப்பு கம்பெனி பெயிண்டு இல்ல போலிருக்கே, அப்புறமா பூசனது" என்றார் கோதண்டராமன். அவருக்கும் இந்தக் கலையில் ருசி வர ஆரம்பித்திருந்தது.

தரகர் முனிரத்தினம் வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிக் கம்பி நீட்டினார். கிடாரில் ஆறு கம்பிதான். அவர் நீட்டியது ஏழாவது.

காவேரி மட்டும் சிரிக்கவில்லை. டில்லிபாபுவின் எதிரில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அது அவருக்காக மட்டும் பேசிய குரல்.

"எனக்கு வயசு ஒரு பிரச்சின இல்லீங்க. நீங்க கிடாரக் கட்டிக்கினு சந்தோசமா நடந்தப்போ, இந்த மனுசனோட இருக்கலாம்னு நெனச்சேன். நெஜமாத்தான் சொல்றேன். உங்க வயசு இன்னான்னு உங்க வாயால சொல்லுங்க, போதும்."

அறுபத்திரண்டைப் போலவே டில்லிபாபு தொண்டையைச் செருமினார். முப்பத்தெட்டு என்பது சின்ன வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஜன்னலில் மண்ணூர் முழுவதும் நின்றது. கம்பெனியில் எத்தனையோ பம்புகளை ரிஜெக்ட் செய்து ஓரமாக உருட்டிவிட்டிருக்கிறார். அந்த ஓரத்தில் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

அதற்குள் மாமா எழுந்துவிட்டார். "ஜாதகத்துல இன்னா எழுதியிருக்கோ அதான் வயசு. அதுக்கு மேல விளக்கம் கேக்கறதுக்கு பொண்ணு வூட்டுக்கு அதிகாரம் கெடையாது."

டில்லிபாபு மாமாவைப் பார்த்தார். காவேரியைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கினார்.

காவேரி ஃபேன் ஒயரை எடுத்துச் சொருகிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது டெம்போ ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் நின்றது. கடை நிறைய ஆட்கள்; செகண்ட் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பம்பு கம்பெனிக்காரர்கள். எல்லோருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

"இன்னா சூப்பர்வைசர், பொண்ணு எப்படி?"

"பொண்ணு மூக்கும் முழியுமா நல்லாத்தான் கீது" என்றார் மாமா, ஆணை வாசிக்கிற தோரணையில். "ஆனா பாவம், ஒரு கொற. காது மந்தம். கிட்டக்க போயி வாசிச்சாக்கூட ஒண்ணும் வெளங்கல. எங்க பையனுக்கு அது ஒத்து வராதுன்னு தள்ளிட்டோம்."

"அய்யய்யோ, டீச்சர் வேலையில கீற பொண்ணாச்சே! நெஜமாவா டில்லி?"

டில்லிபாபு டீ கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செருமுது" என்று அவள் சொன்ன குரல் காதில் அப்படியே இருந்தது. அந்தக் குரலை இன்னும் பத்து வருஷம் கழித்து எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அவர் அடையாளம் சொல்லிவிடுவார்.

"ஆமாம்பா" என்றார். "சுத்தமாக் கேக்கல."

மறுவாரத்துக்குள் செய்தி ஓரகடம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. மண்ணூர்ப் பெண்ணைக் கேட்டு அதன் பிறகு கொஞ்ச காலத்துக்கு யாரும் வரவில்லை. டில்லிபாபு சொன்னதை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஏன் சந்தேகப்பட வேண்டும்? காது விஷயத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?