கத்திக்குப் பத்தியம்

மனிதருக்கு வைத்தியம் பார்த்து மனிதருக்கே பத்தியம் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. பேனாக்கத்திக்கு வைத்தியம் பார்த்து அதற்குப் பத்தியமும் எழுதிக் கொடுத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். சித்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் என் செல்போன் ரிப்பேர் கடையை ஒட்டி அவர் கடை. பெயர்ப் பலகை கிடையாது. 'பத்திய நைனா' என்றால் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். அவருடைய அசல் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

மடக்குக்கத்திகளின் பிடியில் அழகுக்காகச் சிப்பித்துண்டு, பித்தளை நட்சத்திரம், எலும்பில் செதுக்கிய பூ என்று ஏதாவது பதித்திருப்பார்கள். நாளடைவில் அது ஆடும், பிறகு விழும். விழுந்ததை மறுபடி உட்காரவைப்பதுதான் நைனாவின் தொழில். பழைய பசையை ஊசியால் சுரண்டுவார். செங்கல்தூள் கலந்த அரக்கைச் சூடாக்கிக் குழியில் விட்டு, துண்டை அழுத்தி, சைக்கிள் டியூப் கீற்றால் கட்டுப் போடுவார். எல்லாம் முக்கால் மணி நேர வேலை. அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். "எட்டு நாளு கத்தி என்கிட்டதான் இருக்கும்" என்பார். ஒன்பதாம் நாள் கத்தியோடு ஒரு சீட்டும் வரும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும்:

'ஒரு மாசம் எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் கூடாது. கொய்யா வெட்டலாம், பழுத்ததாக இருந்தால். கொட்டைப்பாக்கு இரண்டாம் வாரத்திலிருந்து, பாதி பாதியாக. தண்ணீர் காட்டாதே.'

ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "ஏமய்யா, கத்திகி பத்தியமா?" என்று தெலுங்கில் சிரித்துவிட்டுப் போனார். பத்தே நாளில், ஆடுகிற நட்சத்திரத்தோடு திரும்பி வந்தார். நைனா பிடியை மோந்து பார்த்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார்.

"மாங்கா வெட்டினீங்களா?"

"இல்லியே."

"பெங்களூரா மாங்கா. உப்பு, மொளகாத்தூள் வேற. மொட்ட மாடியில குந்திக்கினு துன்னீங்களா?"

போலீஸ்காரர் அவருடைய சர்வீஸில் எத்தனை பேரை அப்படி விசாரித்திருப்பாரோ, அன்று குற்றவாளிபோலத் தலையாட்டினார்.

நைனா ஒருமுறை குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனார். மலையடிவாரத்தில் அலிபிரி செக்போஸ்ட்டில் பையைச் சோதித்தால் உள்ளே பதினோரு கத்தி. "இன்னாய்யா இது?" என்று கேட்டதற்கு, "பேஷண்ட்டுங்க சார். கட்டு பிரிக்கல. தனியா வுட்டுட்டு வர முடியாது" என்று பதில் சொல்லியிருக்கிறார். கத்தியோடு மேலே விடமாட்டார்கள் என்று அவர் மனைவி முந்தின நாளே தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். கடைசியில் வீட்டார் எல்லோரும் மலையேறிப் பெருமாளைச் சேவித்து வர, இவர் அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் பதினோரு நோயாளிகளோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். "பெருமாளு எங்க போயிடப்போறாரு? அரக்குதான் எளகிடும்" என்று என்னிடம் விளக்கம் வேறு.

இந்த மனிதரிடம் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

எனக்குக் குடிபாலாவில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் பெயர் கௌரி. அவளுடைய அப்பாவுக்கு மாந்தோப்பு. இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி. கறுப்புக் கொம்புப் பிடி, அதில் சிப்பியில் ஒரு மயில். வாலிப வயதில் சித்தூர் சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் வாங்கியது. அதை வீட்டில் யாரும் தொடக் கூடாது. பெயின்ட் டப்பா திறக்க எடுத்துப்போன சொந்தத் தம்பியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர், நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அண்ணனோடு தோப்பைப் பார்க்கப் போன என் கையில், மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக அந்தக் கத்தியைக் கொடுத்து, "நீங்களே அறுத்துத் துன்னுங்க" என்று ஒரு மாம்பழத்தையும் கொடுத்தார்.

பழத்தில் கத்தியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். மயில் என் உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

கையை மூடிக்கொண்டேன். வாய் தானாகப் பேசியது: "கூரு கம்மியா கீது மாமா. சித்தூர்ல சாணை புடிச்சிக் கொண்டாந்து தரேன்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, பொறுப்பான புள்ளை" என்று என் அண்ணனிடம் வேறு சொன்னார்.

புதன்கிழமை நைனாவிடம் கொடுத்தேன். மயில் இருந்த குழியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஊசியால் சுரண்டினார். ரோஸ் நிறத்தில் ஏதோ உதிர்ந்தது. மோந்தார்.

"நெயில் பாலிஷ்டா இது. உங்க மாமனாரு நெயில் பாலிஷ் போடுவாரா?"

கௌரிக்குப் போன் செய்தேன். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கூரியர்ல வந்த பெட்டியப் பிரிக்க எடுத்தேன். கீழ வுழுந்துடுச்சி. வீட்ல வேற பசை இல்ல" என்றாள். அவளுக்கும் எனக்கும் முதல் ரகசியம் அப்படித்தான் ஏற்பட்டது. மயிலை முதலில் விழவைத்தது அவள், இரண்டாவதாக விழவைத்தது நான். நல்ல பொருத்தம் என்று ஜோசியர் சொன்னது வீண்போகவில்லை.

நைனா மயிலை உட்காரவைத்துக் கட்டுப் போட்டார். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம நிச்சயம், நைனா. தட்டு மாத்தினதும் அவரு அந்தக் கத்தியாலதான் மொத மாம்பழம் அறுத்து மாப்பிள்ளைக்குக் குடுப்பாராம். அவங்க வீட்டு வழக்கம்."

"ஞாயித்துக்கிழம நாலாம் நாளு. மாம்பழச் சாறு உள்ள எறங்கினா மயிலு நிக்காது."

"கல்யாணமே நின்னுடும் நைனா!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? கத்தி மாப்பிள்ளை இல்ல, சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட."

காலில் விழாத குறை. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: "கத்தியை நானே எடுத்துக்கினு வரேன்."

வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டிக் கத்தி. முன்வரிசையில் உட்கார்ந்தார். தட்டு மாற்றியாயிற்று. மாமனார் என் பக்கம் கையை நீட்டினார்: "கத்தி எங்க மாப்பிள்ளை?"

நைனா எழுந்தார். "இங்க கீதுங்க. ஆனா பழம் அறுக்கக் கூடாது. பத்தியத்துல கீது."

பந்தலே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. கத்தியை வாங்கி, டியூப் கட்டை விலக்கிப் பார்த்தார். மயிலைச் சுற்றிப் புது அரக்கு கோடு போட்டதுபோல் தெரிந்தது.

"மயிலு வுழுந்துச்சா? யாரு வேலை இது?"

என் அண்ணன் என்னைப் பார்த்தான். நான் டேபிள் ஃபேனைப் பார்த்தேன். கௌரி புதுசாகப் பாலிஷ் போட்ட பத்து விரல்களையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

நைனா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் வேலைதாங்க. இந்தக் கத்தி உங்க கைக்கு வர்றதுக்கு முன்ன என் கைக்கு வந்தது. இந்த மயில நான்தான் வெச்சேன். சரியா வெக்கல. அதான் வுழுந்துடுச்சி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலையில் குறை சொன்னால் கலெக்டரையே கடையைவிட்டு இறக்கிவிடுகிற ஆள் அவர்.

மாமனார் பிடித்துக்கொண்டார். "இதான் உன் வேலையோட லட்சணமா? பத்தியம் கித்தியம்னு சொல்லி ஊர ஏமாத்திக்கினு கீறியா?" அத்தனை ஜனத்துக்கு நடுவே நைனா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, தப்புதான்" என்றார். வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு காய்கறிக் கத்தியை எடுத்து வந்தார்கள். பழம் அறுபட்டது, நானும் தின்றேன். இத்தனை பேச்சு வாங்கியும் மனிதர் நகரவில்லை. மாமனார் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "கத்தியைக் குடுங்க. இன்னும் நாலு நாளு என்கிட்டதான் இருக்கணும்." மாமனார் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "ஏன் நைனா பொய் சொன்னீங்க?"

"சிப்பி வுழுந்தா நான் ஒட்டிடுவேன். உன் கல்யாணம் வுழுந்தா எந்த அரக்குப் போட்டுடா ஒட்டுறது? போ, பாயசம் ஆறிடும்."

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. மயில் அப்படியே இருக்கிறது. "அந்தப் பத்தியக்காரன்கிட்ட கத்திய குடுக்காதீங்க" என்று மாமனார் இன்றைக்கும் குடிபாலாவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஊர்க் கத்திகள் இப்போது வேலூருக்குப் போகின்றன. போன மாதம் நைனா தற்செயலாக என்னிடம் சொன்னார்: "குடிபாலாக்காரங்க கத்திய ரொம்ப ஜாக்கிரதையா வெச்சிக்கிறாங்கடா. ஒண்ணுகூட ரிப்பேருக்கு வர்றதில்ல." அன்று இரண்டு போனுக்கு டிஸ்ப்ளேயை மாற்றி மாட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

மாமா, நீங்கள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர். அதனால்தான் இதில் எழுதுகிறேன். மயிலைக் கீழே போட்டது உங்கள் பெண். கையில் மூடி மறைத்தது நான். நைனா அந்தக் கத்தியை முதன்முதலாகப் பார்த்ததே அந்தப் புதன்கிழமைதான். எங்கள் இரண்டு பேரோடும் இரண்டு வருஷம் பேசாமல் இருங்கள், பரவாயில்லை. அடுத்த தடவை சித்தூர் வந்தால் அவர் கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தால் அவருக்குப் பிடிக்கும்.