ஜப்பான் காருக்குள்ள கரி

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மொதலாளியோட காரைக் கழுவி, காட்பாடி ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போயி, தோல் வாங்க வர்ற ஜெர்மன்காரரைக் கூட்டியாரணும்.

எண்பதுகள்ல ஆம்பூர்ல தோல் பதனிடற ஒரு ஷாப்புல நான் கிளார்க்கு. டிரைவருக்குக் காய்ச்சல்.

"நீதான் நல்லா ஓட்றியே, போ"ன்னுட்டாரு மொதலாளி பாய். காரு, ஊரே வேடிக்கை பார்த்த ஜப்பான் வண்டி.

வெளிய மட்டும் கழுவியிருக்கலாம். பானெட்டைத் தொறந்தேன்!

மூலையில கறுப்பா ஒரு டப்பா, ரப்பர் குழாய் சொருகியிருந்திச்சி. கழட்டி அடி மூடியை நெம்பினா, உள்ள பூரா கரி!

"எவனோ மெக்கானிக்கு பாயை ஏமாத்திட்டான்"னு நானே தீர்ப்பு சொல்லிட்டு, காலி டப்பாவைக் கடாசிட்டு, கரியைப் பேப்பர்ல மடிச்சி வீட்டுக்குக் கொண்டாந்தேன். ஸ்டேஷனுக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையை இஸ்திரி போடணும், வீட்ல கரி இல்ல.

"இன்னாங்க இது, மிளகு மாதிரி கீது?"ன்னா சம்சாரம்.

"ஃபாரின் கரி. சூடு ஜாஸ்தி நிக்கும்."

"பெட்ரோல் வாசனை அடிக்குதே!"

"ஃபாரின்னா அப்படித்தான்."

இஸ்திரிப் பெட்டியில கொட்டி, மேல ஒரு தணல் போட்டேன்.

குபீர்!

சூடு நிக்கத்தான் செஞ்சிது, என் தலைக்கு மேல! அணைச்சி முடிச்சப்போ சட்டைக்கு ஒரு கை இல்ல. எனக்கு ரெண்டு புருவமும் இல்ல.

வேற சட்டை மாட்டிக்கிட்டு, பாயையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன்.

"மூஞ்சி இன்னாபா, கழுவி வெச்ச தட்டு மாதிரி கீது?"ன்னாரு.

"வெயிலு பாய்."

காரு பூரா பெட்ரோல் நாத்தம். அவரோட அத்தர் வாசனை எதிர்ப்பக்கம் வாணியம்பாடிக்கே ஓடிடுச்சி.

காட்பாடியில ஜெர்மன்காரர் ஏறினாரு. ஏறினதும் சிகரெட்டை வாயில வெச்சி லைட்டரை எடுத்தாரு.

"நோ!"ன்னு நான் போட்ட சத்தத்துல ஒரு போர்ட்டர் பொட்டியைக் கீழ போட்டுட்டான்.

ஜெர்மன்காரர் மோந்து பார்த்தாரு. எறங்கி பானெட்டைத் தொறந்தாரு. தொங்கிக்கிட்டிருந்த குழாயைக் காட்டி பாய்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டாரு.

பாய் என்னைப் பார்த்தாரு. "வண்டி நிக்கறப்போ டேங்குலேர்ந்து பெட்ரோல் ஆவியா வருமாம். அதைக் கரி புடிச்சி வெச்சிக்குமாம். வண்டி ஓடறப்போ இன்ஜின் அதை இழுத்து எரிச்சிடுமாம். அந்தக் கரி எங்க?"

"எரிஞ்சிடுச்சி பாய்."

"இன்ஜின்லயா?"

"இஸ்திரிப் பெட்டியில."

ஆர்டர் போச்சு, என் வேலையும் போச்சுன்னு நின்னேன். பாய் பல்லைக் கடிச்சிக்கிட்டு அதை இங்கிலீஷ்ல சொன்னாரு. ஜெர்மன்காரர் என் நெத்தியையே பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, வண்டி மேல சாய்ஞ்சி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்! அந்தச் சிரிப்போடவே ஷாப்புக்கு வந்து, ஆர்டரும் குடுத்துட்டுப் போனாரு.

அதுலேர்ந்து நான் எதையும் தொறக்கறதில்ல. டிபன் பாக்ஸைக்கூட சம்சாரம்தான் தொறந்து குடுக்கறா.